அவிழ்ந்துகொண்டே இருந்த லேஸ்

"நில்லுங்க, நில்லுங்க! என் ஷூ லேஸ் அவிழ்ந்துடுச்சு!"

கடைசியில் வந்துகொண்டிருந்த டீச்சரின் குரல் கேட்டதும் ஆறு சைக்கிள்களும் ஓரங்கட்டின.

"மறுபடியுமா? விளங்கிடும்!" என்று சலித்துக்கொண்டே இறங்கினார் பஸ் டிரைவர். இறங்கின வேகத்தைப் பார்க்கணுமே! சீட்டில் நெருப்பு வைத்திருந்தால்கூட அவ்வளவு வேகம் வராது.

"இருபத்தேழு வருஷமா சீட்டுல உட்கார்ந்தே பொழைக்கிறவன் நான். சைக்கிள் சீட்டெல்லாம் எனக்கு ஒரு விஷயமா?" என்று சைக்கிள் குழுவில் சேர்ந்த அன்றைக்கே மார்தட்டியிருந்தார். பஸ் சீட்டு மெத்தை. இதுவோ உள்ளங்கை அகலத்தில் ஒரு கல். போன வாரம் பாதி வழியிலேயே உயிர் போய், ஒரு காய்கறி வண்டியில் சைக்கிளோடு ஏறி வீடு திரும்பினார். அப்புறம் நாலு நாள் வீட்டில் சாப்பாடே நின்றுகொண்டுதான்.

"வேண்டாம்ப்பா, வித்துடலாம்" என்றாள் மகள். சர்க்கரை ஏறிக் கிடக்கிற அப்பாவுக்காக ஆசை ஆசையாக அவள் வாங்கித் தந்த சைக்கிள்.

"இந்த வாரம் நாற்பது கிலோமீட்டரையும் முடிச்சுட்டுத்தான் வாசப்படி மிதிப்பேன்" என்று அவளிடம் சத்தியமே செய்துவிட்டு வந்திருந்தார். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மானம் தடுத்தது.

அந்த வலியெல்லாம் கோபமாகி டீச்சர் மேல் திரும்பியது. ஐந்து கிலோமீட்டர் முழுசாக ஓட்டவிட மாட்டேன் என்கிறாரே! ஒரு தடவை தண்ணீர், ஒரு தடவை கண்ணில் தூசி. மற்ற நேரமெல்லாம் இந்தப் பாழாய்ப்போன லேஸ்.

டீச்சர் குனிந்ததைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், டிரைவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். அப்பாடா!

"ஏன் டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துல முடிச்சுப் போடச் சொல்லித் தரமாட்டாங்களா?"

"நம்ம கைராசி அப்படி சார்" என்று சிரித்தார் டீச்சர். "அதுவும் இல்லாம, உட்கார்ந்தே ஓட்டினா எனக்கு உயிர் போகுது. அப்பப்போ எழுந்து நின்னு மிதிச்சாத்தான் தாங்குது. சீட்டோட முன்பக்க மூக்கு வேற மேலே தூக்கிட்டு இருந்துச்சு. இப்பத்தான் மட்டமா இறக்கினேன்."

'ஓஹோ, நம்மளைவிட மோசமான கேஸ்!' டிரைவருக்கு மனசு குளிர்ந்தது. யாரும் பார்க்காத நேரமாகத் தன் சீட்டின் மூக்கையும் கொஞ்சம் இறக்கிக்கொண்டார். அடுத்த ஏற்றத்தில் அவரும் எழுந்து நின்று மிதித்தார். அட, வலி பாதியாகக் குறைந்துவிட்டதே!

ஒரு வழியாக, கிளம்பிய பெட்ரோல் பங்குக்கே வந்து சேர்ந்தார்கள். நாற்பது கிலோமீட்டர்! டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"முடிச்சுட்டேன்டா கண்ணு! யார்கிட்டேயும் வித்துடாதே!" என்று மகளுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

பெருமை தலைக்கேறினால் புத்திமதி தானாக வருமே.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நீங்க மட்டும் நிறுத்தாம இருந்தா அரை மணி முன்னாடியே வந்திருப்போம். அடுத்த வாரம் லேஸை ரெட்டை முடிச்சாப் போட்டுட்டு வாங்க."

"கட்டாயம் சார்" என்று தலையாட்டிவிட்டு, டீச்சர் வந்த வழியே சைக்கிளைத் திருப்பினார்.

"அவங்க வீடு அந்தப் பக்கமா?" என்று கேட்டார் டிரைவர்.

"வீடா?" குழுவை நடத்தும் வாட்ச் கடைக்காரர் சிரித்தார். "இனிமேத்தான் அவங்க ஓட்டவே ஆரம்பிப்பாங்க. ஞாயிற்றுக்கிழமைன்னா நூற்றைம்பது கிலோமீட்டர். நடுவுல ஒரே ஒரு தடவைதான் கால் தரையில படும். போன வருஷம் மலைப்பாதைப் போட்டியில எங்க எல்லாரையும் ஓரங்கட்டிட்டுப் போனவங்க சார்."

"அடேயப்பா!" டிரைவருக்கு மெய்சிலிர்த்தது. "அப்போ, இன்னிக்கு மட்டும் ஏன் அந்த லேஸ்..."

வாட்ச் கடைக்காரர் சாலையைக் கைகாட்டினார்.

சாலையைக் கடக்கக் காத்திருந்த டீச்சர் அப்போதுதான் எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கினார். இன்றைக்கு முதல் தடவையாக டிரைவர் அந்தக் கால்களைப் பார்த்தார். இழுத்து ஒட்டுகிற பட்டை வைத்த ஷூ.

அதில் லேஸே இல்லை.