செபஸ்தியாம்பிள்ளையின் யன்னலுக்கு ஓர் ஓக் மரம்

இரண்டு கையிலும் வாளித் தண்ணீரோடு தோட்டத்தின் கடைசிக்கு நடந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேலே யன்னல் திறந்தது.

“யோகண்ணை, வலக்கை வாளி தளம்புது. அரைவாசி புல்லுக்கெல்லோ போகுது!”

பக்கத்து வீட்டுச் செபஸ்தியாம்பிள்ளை. கூரைக்குள் ஓர் அறை கட்டி அதற்கொரு யன்னலும் வைத்த நாளிலிருந்து, லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு காகம் தும்மினாலும் அவருக்குத் தெரியும்.

அந்த யன்னலால்தான் என்னையும் பிடித்தார். எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் ஒளித்து நின்று, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுக் கிண்டிய தொதலை நான் சாப்பிட்டதை. ஒரு துண்டு. சரி, ஒரு தட்டு.

இரத்தத்தில் சீனி கூடிய சலரோகக்காரன் செய்யக்கூடாத வேலைதான். அதற்காக, பொழுதுபடுவதற்குள் என் மனைவி வசந்தமலருக்கு அதை ஒலிபரப்பியிருக்க வேண்டுமா?

அன்றைக்கே சபதம் எடுத்தேன். அந்த யன்னலை மறைத்து ஒரு மரம். மரத்துக்குப் பின்னால் ஒரு கதிரை. கதிரையில் நான். மடியில் தொதல்.

ஆறே மாதத்தில் வானத்தைத் தொடுகிற வேலிமரம் ஒன்று வாங்கத்தான் கன்றுகள் விற்கும் கடைக்குப் போனேன். வசந்தமலர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“உதெல்லாம் ஒரு வெயிலுக்குக் காஞ்சுபோமப்பா. இந்த நாட்டு மரத்தையே வையுங்கோவன். ஓக்.”

நியாயமான பேச்சு. வேர் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் ஓக் எந்த வறட்சிக்கும் அசையாது. ஐந்நூறு வருடம் நிற்கும். செபஸ்தியாம்பிள்ளையின் பேரனுடைய பேரனும் என் ஷெட்டைக் காணமாட்டான். வேர் இறங்கும் வரைக்கும், முதல் சில கோடைகளுக்கு மட்டும், அடி மண் ஊறத் தண்ணீர் விடவேண்டும். அவ்வளவுதான்.

கன்று வைத்த வாரமே எங்கள் தோட்டத்து ரப்பர் குழாய் ஓட்டையாகிவிட்டதாம். வசந்தமலர் எறிந்துவிட்டாள். புதிது வாங்கவும் விடவில்லை.

ஆகவே வாளி. லண்டன் புல்லெல்லாம் அப்பளமாய்ப் பொரிந்த கோடைகளில் நான் சுமந்த தண்ணீருக்குத் தேம்ஸ் நதியே வற்றியிருக்கும்.

மரம் இப்போது என் நெஞ்சளவு. யன்னலை எட்ட இன்னும் இருபது வருடமாவது வேண்டும். எனக்கு வயது எழுபத்திரண்டு.

இருந்தே ஆகவேண்டும். வேறு வழியில்லை.

அதனால் தொதலை விட்டேன். தேத்தண்ணிக்குச் சீனியை விட்டேன். விடிந்தால் பூங்காவைச் சுற்றி நடை, பின்னேரம் வாளி. போன கிழமை என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டொக்டர், இது உங்களுடையதுதானா என்று இரண்டு தரம் கேட்டார். பழிவாங்குவது உடம்புக்கு இவ்வளவு நல்லது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

வாளிகளை மெல்லச் சரித்தேன். மண் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தது.

நிமிரும்போதுதான் கண்டேன், வேலிப் பலகை ஒன்று கழன்றிருந்தது. இடைவெளியால் எட்டிப் பார்த்தேன்.

செபஸ்தியாம்பிள்ளையின் தக்காளிப் பாத்தியில் ஒரு பச்சை ரப்பர் குழாய் கிடந்து தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தது. ஓட்டை ஒன்றும் இல்லை. நுனியில் சிவப்பு நாடா. நான் என் கையாலேயே சுற்றிய நாடா.

மேலே பார்த்தேன். யன்னல் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

குசினி வாசலில் நின்ற வசந்தமலர், திடீரென்று வானத்தில் மேகம் தேடத் தொடங்கினாள்.

ஒன்றும் காணாதவன் மாதிரி அடுத்த இரண்டு வாளியை நிரப்பப் போனேன்.

மரத்துக்குப் பின்னால் மூன்று கதிரை போடவேண்டும். தொதல் செபஸ்தியாம்பிள்ளையின் செலவு.