மூன்றாவது வயர்

குமணன்சாவடி ஷெட்டின் தகர ஓட்டைகள் வழியே ஞாயிற்றுக்கிழமை வெயில் சொட்டுகிறது. ரகுநாதனின் பழைய ஃபியட் விக்கி விக்கி ஓடுகிறது. ஆவடி குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கும் அவர் ஓயாமல் பேசுகிறார்: முருங்கை பூத்ததை, பால்காரன் மாறியதை. மெக்கானிக் வேம்புலி, துணி சுற்றிய கையால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகுகிறான். முதல் இரண்டைப் பிடுங்கும்போது எஞ்சின் இன்னும் அதிகமாகத் தடுமாறுகிறது. மூன்றாவதைப் பிடுங்கியும் சத்தம் மாறவில்லை, கோளாறு அங்கேதான். அந்த வயர் சரியாகச் செருகப்பட்டிருக்கவே இல்லை. போன வாரமும் இப்படித்தான். அதன் மேல் படிந்த கறுப்புத் தூசியில் புது விரல் தடம். ரகுநாதனின் விரல் நுனியில் அதே கறுப்பு. வேம்புலி வயரை அழுத்துகிறான். எஞ்சின் சீராகிறது. ரகுநாதன் சாவிக்குக் கை நீட்டுகிறார். "இன்னா சார், அதுக்குள்ள கெளம்புற? டீ சொல்லிக்கீறேன், குந்து. அடுத்த வாரம் வயர கயட்டாமயே வா."