மூன்றாவது மாடி

ஸ்த்ராவ்காவின் சக்கர நாற்காலி நலத்துறை அலுவலகப் படியடியில் நின்றது. லிஃப்ட் ஓடவில்லை. தாய் நேரில் வராவிட்டால் அவளைக் கவனித்துக்கொள்ளும் மகள் ராதோஸ்தினாவுக்கு உதவித்தொகை கிடையாதாம்.

"முதுகுல ஏறிக்கங்கக்கா" என்று ஒருவர் குனிந்தார். மூன்றாவது மாடியில் மூச்சிரைக்க இறக்கி, பெஞ்சில் உட்காரவைத்தார்.

"நல்லா இருப்பே தம்பி." மார்ச் மாதத்தில் நலம் வேண்டிக் கட்டிவிடுவதற்காகத் திரித்த சிவப்பு வெள்ளைக் கயிற்றை, நீல மணியோடு அவர் மணிக்கட்டில் கட்டினாள் ஸ்த்ராவ்கா.

முறை வந்ததும் இடுப்பளவு ஜன்னலில் குனிந்தாள் மகள்.

"அம்மா எப்படி மேல வந்தாங்க?" என்றது உள்ளிருந்த குரல்.

"படியிலதான்."

"மூணு மாடி படியில வந்தவங்களை நடக்க முடியாதவங்கன்னு எப்படிம்மா எழுதறது? தொகை கிடையாது."

விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளிய கையில், அம்மா கட்டிய நீல மணி ஆடியது.

"உங்க முதுகைக் கேட்டுட்டு எழுதுங்க, சார்" என்றாள் ராதோஸ்தினா.