எட்டாவது சொட்டு

"தொட்டிக்குள்ள என்னத்தைத் தெளிச்சே? உண்மையைச் சொல்லு!"

வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் வீடே அதிர்ந்தது. உப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டிக்குள் அவர் ஆசை ஆசையாக வளர்த்த கடல் பவளங்கள் நுனி வெளுத்து நின்றன.

"சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலைங்க சார். வெளிக் கண்ணாடியைத் துடைச்சேன், அவ்வளவுதான்" என்றாள், ஆறு வருஷமாக அங்கே வீட்டு வேலை செய்யும் அக்கா. "நீங்க தொட்டியில ஊத்தற அந்தச் சோடாத் தண்ணி பாட்டில் முன்னெல்லாம் வாரம் பூரா வரும். இப்ப மூணே நாள்ல தீர்ந்துபோகுது. அதை வேணா..."

"எனக்கே பாடம் எடுக்கறியா? தரை துடைக்கிற மருந்தை ஒழுங்கா மூடி வைக்கத் துப்பில்லை! நாளையிலேருந்து வராதே."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். இந்த ஒரு வீட்டுச் சம்பளம்தான் அவளுக்கு. அவர் மனைவிக்கு மனசே ஆறவில்லை.

மனுஷனுக்கு உத்தியோகம் இன்சூரன்ஸ் ஆபீஸில். தெருவில் பெயர் மட்டும் 'சயின்டிஸ்ட்'. தினமும் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விடுவார். முதல் சொட்டில் நீலமாகும் தண்ணீர் எட்டாவது சொட்டில் மஞ்சளானால் காரத்தன்மை சரி. அதற்கு முன்னாலேயே மாறினால் குறைச்சல் என்று சமையல் சோடா கரைத்து ஊற்றுவார். ஒரு மாசமாகக் குறைச்சலாகவே காட்டியது. இவரும் ஊற்றிக்கொண்டே இருந்தார். பெத்த பிள்ளைக்கு ஒரு வேளை மருந்து அளந்து கொடுத்ததில்லை!

"ஏங்க, உங்க சொட்டு மருந்தே கெட்டுப்போயிருந்தா?"

"என் கையிலயா? இரு, நிரூபிச்சுக் காட்டறேன்."

சோடாவை எடை போட்டு, சுத்தமான தண்ணீரில் கரைத்து, சரியாக எட்டுச் சொட்டுக்கான காரம் இருக்கும்படி ஒரு கரைசல் தயாரித்தார். "பாத்துக்கோ, எட்டாவது சொட்டுலதான் மஞ்சளாகும்."

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஐந்திலேயே மஞ்சள்.

மறுபடியும் செய்தார். அதே ஐந்து.

மனைவி மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தாள். மூடி லொடலொடவென்று ஆடியது.

"சரியா மூடலை போல..." அவர் குரல் உள்ளே போனது. "தண்ணி ஆவியாகி மருந்து கெட்டியாயிடுச்சு. அதான் குறைச்சுக் காட்டியிருக்கு."

"அப்ப தொட்டியில சோடா போதுமான அளவு இருந்திருக்கு. நீங்க மேல மேல கொட்டித்தான் பவளம் வெளுத்திருக்கு."

"ம்."

"இந்த பாட்டிலை உங்களைத் தவிர யாரும் தொடறதில்லையே?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சரி சரி, அவளுக்கு ஃபோனைப் போடு. நானே பேசறேன்."

மனைவிக்கு நம்பவே முடியவில்லை. இருபது வருஷக் குடித்தனத்தில் இவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை. சந்தோஷமாக ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள்.

"இதோ பாரும்மா" என்றார் சயின்டிஸ்ட். "நடந்தது நடந்துபோச்சு. போனாப் போகுதுன்னு இந்த ஒரு தடவை உன்னை மன்னிச்சுட்டேன். நாளைக்கு வந்துடு. இனிமேலாவது பாட்டிலை ஒழுங்கா மூடக் கத்துக்கோ!"