வேப்பமரப் பக்கத்துக் கோடு

புரட்டாசி வெயில் நாலரை மணிக்கும் சிவகாசி டென்னிஸ் மைதானத்தின் செம்மண்ணை விட்டு நகரவில்லை. எம். புதுப்பட்டிப் பக்கம் எங்கோ வெடி போட்டுப் பார்க்கிறார்கள். எட்டு முறை கப்பு வாங்கிய கருத்தப்பாண்டி, ஐம்பத்திரண்டு வயதில், முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒன்பதாவது கப்புக்காக ஆடுகிறார். "இதை விட்டா இனி ஏதுலே அவருக்கு?" என்கிறான் வேலியோரம் ஒருவன். பக்கத்தில் நிற்கும் சோலையம்மாளுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. மைதானத்துக்குச் சுண்ணாம்புக்கோடு போடும் அவள் புருசன் முனியசாமி காய்ச்சலில் படுத்துவிட்டதால், இன்று முதல்முறையாகக் கோடு போட்டவள் அவள்தான். கருத்தப்பாண்டி அய்யா தினமும் நின்று பழகும் வேப்பமரப் பக்கம் மட்டும் கடைசிக் கோட்டை ஒரு சாண் உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறாள். அவர் ஓட வேண்டிய தூரம் கொஞ்சம் குறையட்டுமே. நினைத்தபடியே நடக்கிறது. எதிரே ஆடும் இருபது வயது மதுரைக்காரன் ஓங்கி அடிக்கும் பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே விழுகிறது. முதல் ஆட்டம் அய்யாவுக்கு. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். அப்போது இருவரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே நடக்கிறார்கள். "அய்யா ஏன் அங்கன போறாக?" என்கிறாள். "பக்கம் மாறணும்லா, அதுதான் சட்டம்" என்கிறான் வேலியோரத்தான். இப்போது அவள் குறைத்துப் போட்ட பக்கம் மதுரைக்காரனுக்கு. அய்யா தன் பேர்போன நீள அடியை அடிக்கிறார். வேப்பமர நிழலில், சுண்ணாம்புக்கு நாலு விரல் தள்ளிப் புழுதி கிளம்புகிறது. "அவுட்!" அடுத்ததும் அங்கேயே. வாய் திறந்தால் முனியசாமியின் வேலை போய்விடும். சுண்ணாம்பு ஒட்டிய விரல்களை மடக்கிக்கொள்கிறாள். அய்யா கோட்டைப் பார்க்கவே இல்லை. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் வலது தோளைத் தடவிப் பார்க்கிறார்.