ராணிக்கு மாற்றல் உத்தரவு

"இந்த ராணி முட்டை போடுவான்னு காத்திருந்தா நமக்குத்தான் தலை நரைக்கும். வண்டியில ஏத்தி வேற ஊருக்கு அனுப்பிடுங்கண்ணே," என்றார் மிருகக்காட்சிசாலை டாக்டரம்மா.

"இன்னும் ஒரு மாசம் பொறுங்கம்மா," என்று மீசை துடிக்கக் கெஞ்சினார் கழுகுக் கூண்டின் காப்பாளர்.

"ஆறு வருஷம் பொறுத்தாச்சு. வேற ஜோடி கொண்டுவந்தாவது இந்த வருஷம் முட்டை காட்டலைன்னா, திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்க. அப்புறம் அந்த மலைக்கு எதைக் கொண்டுபோய் விடுவீங்க? காக்காயையா?"

ஒரு காலத்தில் அந்த மலை மேல் கழுகுகள் வட்டமிட்டால் வெயிலே கீழே இறங்காதாம். இன்று மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. இங்கே பொரிக்கும் குஞ்சுதான் அங்கே போய்ப் பறந்தாக வேண்டும்.

அதற்காக ராணிக்கு நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சமா? கறியில் நல்ல துண்டு அவளுக்கு. சத்து எலும்பு அவளுக்கு. அவள் கொட்டாவி விட்டால் மூன்று பேர் குறிப்பெடுப்பார்கள். மாப்பிள்ளைக் கழுகுக்குக் கிடைத்ததெல்லாம் ஏச்சுதான். இத்தனைக்கும் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. டாக்டரம்மா ரத்தம் சோதித்து மாட்டிய கால் வளையம்தான் ஆண் எது, பெண் எது என்பதற்கு அடையாளம்.

"பொண்டாட்டி குச்சி பொறுக்கறா, நீ கூட்டுல காலை நீட்டிப் படுத்திருக்கியாடா?" என்று காப்பாளர் தினமும் மாப்பிள்ளையைக் கூட்டிலிருந்து விரட்டிவிடுவார்.

பயணத்துக்காக ராணியைத் தனிக் கூண்டுக்கு மாற்றி மூன்று நாளாகிவிட்டது. அன்றிலிருந்து மாப்பிள்ளையை விரட்ட அவருக்கும் மனம் வரவில்லை.

ராணியின் பெட்டி வண்டியில் ஏறியது. காப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்கு இரை வைக்கப் போனார்.

போன வேகத்தில் திரும்பினார். மீசை முன்னால் வந்தது. அவர் பின்னால் வந்தார்.

"டாக்டரம்மா, கூட்டுல முட்டை."

"போட்டுட்டாளா கள்ளி? நான்தான் அப்பவே சொன்னேனே, ராணி கைவிடமாட்டான்னு."

"நீங்க எப்பம்மா சொன்னீங்க? அதுவும் போக, நேத்து சாயங்காலம்கூடக் கூடு காலியாத்தான் கிடந்தது. என் கண்ணால பார்த்தேன்."

டாக்டரம்மா விரல் விட்டு எண்ணினார். "மூணு நாளா இவ தனிக் கூண்டுல இருக்கா. அப்ப அங்க முட்டை போட்டது யாருண்ணே?"

"நம்ம மாப்பிள்ளைதாம்மா."