அறுநூறு எம்.எம். ராஜாளி

"காட்டுப் பறவை பணத்துக்கு மசியாது, பதவிக்கு மசியாது. பொறுமைக்கு மட்டும்தான் தலைவணங்கும்" என்றார் டாக்டர் ஷம்லான். சொன்ன வேகத்தில் அவர் முழங்கை கார் ஹார்னில் இடித்தது. எதிரே பாலைவன மணலில் இருந்த நாலு வானம்பாடிகளும் தலைவணங்காமல் பறந்து போயின.

பக்கத்து சீட்டில் மனைவியின் தம்பி ராகான் ஏலக்காய்க் காபியை உறிஞ்சினான்.

"இவ்ளோ பெரிய லென்ஸ் எதுக்கு அத்தான்? போன வருஷம் வாங்கின நானூறு என்னாச்சு?"

"அது பூங்காவுல புறா எடுக்க. இது அறுநூறு எம்.எம்.! ஜன்னல்ல மணல்மூட்டை, அதுமேல லென்ஸ். கை ஆடாது. படத்துல பின்னாடி இருக்கிற மண்ணெல்லாம் மங்கிக் கரைஞ்சு போயிடும், பறவை மட்டும் இறகு இறகா நிக்கும். நாம இங்க இருக்கறதே அதுக்குத் தெரியாது."

குவைத் பறவைப் படக்காரர்களின் கழகத்துக்கு அவர் தலைவராகி மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. சொந்தப் படம் ஒன்றுக்குக்கூடப் பரிசு இல்லை. காட்டுப் பறவைப் போட்டி இன்று மதியத்தோடு முடிகிறது. இந்த முறையும் வெறுங்கை என்றால் பதவி துணைத் தலைவர் யூசுஃபுக்குப் போய்விடும்.

"என் வண்டியில சாப்பாடு இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று ராகான் இறங்கினான். பறவைகள் மிரளும் என்று அவன் வண்டியை மண்மேட்டுக்குப் பின்னால் நிறுத்த வைத்தவர் டாக்டர்தான்.

ஒரு பையோடு திரும்பி வந்தான்.

"என்னடா இந்த நாத்தம்?"

"சாப்பாடு அத்தான்."

டாக்டர் முகம் சுளிப்பதற்குள், எதிரே இருந்த பாறையில் ஒரு ராஜாளி வந்து இறங்கியது.

"அசையாதே! பார்த்தியா, நாம இருக்கறதே அதுக்குத் தெரியலை!"

ராஜாளி காரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தான், ஒண்ணு சொல்லணும்..."

"மூச்! வாயைத் திறந்தா உன் அக்காகிட்ட சொல்லிடுவேன்."

கேமரா படபடவென்று பொரிந்தது. பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று, இறகை உதறும்போது பத்து. டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சிறந்த படத்தை உடனே போனுக்கு மாற்றி, 'காட்டு ராஜாளி. துல்லியத்தைக் கவனிக்கவும்' என்று எழுதிப் போட்டிக்கும் கழகக் குழுவுக்கும் அனுப்பினார்.

"முடிஞ்சுதா அத்தான்?"

"முடிஞ்சுது. இனி நீ பாட்டே பாடலாம்."

ராகான் இறங்கி, கையில் தடித்த தோலுறையை மாட்டி, பையிலிருந்து ஒரு துண்டு இறைச்சியை எடுத்து நீட்டினான். "பர்ராக்! வாடா!"

ராஜாளி பறந்து வந்து அவன் கையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது.

"லூல்வா அக்காதான் சொன்னா. 'மனுஷன் இன்னிக்கும் வெறுங்கையோட வந்தா வீட்ல இருக்க முடியாது, எதையாவது பறக்க விடு'ன்னு. பார்த்ததும் சிரிப்பீங்கன்னு நினைச்சேன். சொல்ல வந்தா விடலை, அதுக்குள்ள அனுப்பிட்டீங்க. வளர்க்கிற ராஜாளிக்குக் கட்டற தோல் வார் கால்ல இருக்கே, கவனிக்கலையா?"

"ராஜாளின்னா கால்ல வார் இருக்கத்தானேடா செய்யும்!" என்றார், பிறந்ததிலிருந்து ஆளின் கையில் உட்கார்ந்த ராஜாளிகளை மட்டுமே பார்த்திருந்த கழகத் தலைவர்.

படத்தில் அந்த வாரின் தையல்கூடத் தெளிவாக விழுந்திருந்தது.